குழந்தை திரும்பிய வரலாறு

மனித குலம் இதுவரை கண்ட கருவிகளுள் பிழையே செய்யாதது ஒன்றுதான்: பெரிய மேடத்தின் கை. அந்த ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக்கு அவர்தான் தலைவர். கர்ப்பிணியின் வயிற்றில் கை ஒரு நொடி அமரும். "தலை கீழே" என்பார். அதன்பின் உள்ளே இருக்கும் தலை கீழே இருந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. ஸ்கேன் அறை டாக்டர் அவருடைய பழைய மாணவர், நன்றி மறவாதவர். "மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் மெஷினையே போடுவார்.

இத்தகைய சன்னிதானத்தில்தான் ஒரு மருத்துவ மாணவி முதன்முதலாக வார்டு வேலைக்கு வந்து சேர்ந்தாள். எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றார்கள். அவள் படித்த புத்தகத்தில் பிரசவம் அம்புக்குறிகளோடு, சத்தமே இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. இங்கே அம்புக்குறிகளைக் காணோம். சத்தம் மட்டும் தாராளமாக இருந்தது.

மேல்படிப்பு படிக்கும் அக்கா ஒருத்தி அவளை வாசலிலேயே ஓரங்கட்டினாள்.

"இங்க பொழைக்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான். மேடம் தொட்டதுக்கப்புறம் நீ தொடுவ. மேடம் சொன்னதையே நீயும் சொல்லுவ."

"எனக்கு வேற மாதிரி பட்டா?"

"படாது."

"ஒருவேளை பட்டுச்சுன்னா?"

"போன வருஷம் ஒருத்தனுக்குப் பட்டுச்சு. கூடப் படிச்சவங்கல்லாம் பாஸாகி மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க. அவன் இன்னும் இதே வார்டுதான். அதோ, ட்ரே தூக்கிட்டுப் போறான் பாரு."

அன்று வார்டில் விழாக்கோலம். ‘தாயின் குரலைக் கேட்போம்’ இயக்கத்தின் தொடக்க நாள். சுவர் போஸ்டரில் வலியே அறியாத கர்ப்பிணி ஒருத்தி பல் தெரியச் சிரித்தாள். அதே வாசகம் மேடத்தின் கோட்டிலும் பேட்ஜாக மின்னியது. இயக்கத்தின் ஆழ்ந்த தத்துவத்தை விளக்க மேடம் தேர்ந்தெடுத்தது ஜன்னலோரக் கட்டில். அதில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். தலைப்பிரசவம்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்..."

"பேசாம படும்மா. உங்க குரலைக் கேக்குறதப் பத்திதான் பேசிட்டிருக்கேன்."

"இல்ல மேடம், உதைக்கிறதெல்லாம் அடிவயித்துலயே..."

"உஷ்!"

கை அமர்ந்தது. "தலை கீழே."

பிறகு பதவி வரிசைப்படி மற்றவர்கள். ஒருவர் அழுத்திப் பார்த்துச் சொன்னார், "தலை கீழே." ஒருவர் போர்வைக்கு மேலேயே தடவிவிட்டுச் சொன்னார். இன்னொருவர் தொடவே மறந்துவிட்டார், ஆனால் சொல்ல மறக்கவில்லை. விஞ்ஞானம் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து உலகம் பார்த்ததில்லை.

கடைசியில் புதுசு. விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக, உருண்டையாக ஏதோ விரலில் இடித்தது. மெல்லத் தள்ளினாள். வாளித் தண்ணீரில் மிதக்கும் பந்துபோல அது விலகிப் போய், திரும்ப வந்து இடித்தது. புட்டம் அப்படித் துள்ளாது. தலைதான் துள்ளும். கால் முதலில் வந்து தலை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு.

"மேடம், மேலே..."

வார்டே அவளைப் பார்த்தது. நடுவழியில் ட்ரே ஒன்று நின்றது.

"மேலே?" மேடத்தின் குரலில் தேன் வழிந்தது.

"மேலே... விரிப்பு கசங்கியிருக்கு மேடம். தலை கீழே."

"குட். நல்லா கவனிக்கிற பொண்ணு."

சாயங்காலம் பனிக்குடம் உடைந்தது. முதலில் உலகைப் பார்க்க வந்தது ஒரு கால். ஆபரேஷன் தியேட்டர் தயாராக இல்லை. தலை கீழே இருக்கும் குழந்தைக்கு யார் தயார் செய்து வைப்பார்கள்? கையில் கிடைத்ததைப் பிடித்து இழுத்தார்கள். குழந்தை பிழைத்தது. அதன் ஒரு கை மட்டும் தோளிலிருந்து துவண்டு தொங்கியது.

மறுநாள் டீ, பிஸ்கட்டுடன் ‘உயர்மட்ட விசாரணை’.

"எல்லாரும்தான பாத்தீங்க? தலை எங்க இருந்துச்சு?"

"கீழே, மேடம்!"

"அப்புறம் என்னதான் ஆச்சு?"

அக்கா எழுந்தாள். "குழந்தை திரும்பிடுச்சு, மேடம்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டுத் திரும்புச்சா?"

"இல்ல மேடம்."

குழந்தையின் பொறுப்பற்ற போக்கை வன்மையாகக் கண்டித்துவிட்டுக் கூட்டம் ஒருமனதாகக் கலைந்தது. இந்த முடிவைத் தாய்க்கு ‘அன்போடு எடுத்துரைக்கும்’ பணி புதுசுக்கு வழங்கப்பட்டது. மேடம் பின்னால் நின்று மேற்பார்வையிட்டார்.

தையற்காரி குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். அசையாத கையைத் துணியால் மூடி, திறந்து பார்த்து, மறுபடி மூடினாள்.

"தங்கச்சி, நீ ஒருத்திதான் நிதானமாத் தொட்டுப் பாத்த. என்னமோ சொல்ல வந்த. என்னம்மா அது?"

புதுசு திரும்பி மேடத்தின் கோட்டில் மின்னிய பேட்ஜைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. குழந்தை தானாத் திரும்பிடுச்சு."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். மேடம் பெருமிதத்தோடு அவள் தோளைத் தட்டினார்.

"வந்த ரெண்டாம் நாளே இப்படித் தேறுனவங்களை நான் பாத்ததில்ல. மிச்சப் படிப்பெல்லாம் சும்மா பேருக்குத்தான். நீ டாக்டர் ஆயிட்டம்மா!"