பேரிகை நஞ்சம்மாவுக்கு வழங்கப்பட்ட பதினைந்து சேவைகள்

வரலாற்றில் எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஓர் எண்ணூறு ரூபாயின் மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே கூட்டப்பட்ட மாநாடு ஒன்றுதான். அது ஓசூரில், எல்லைவட்டச் சேவைக் கட்டண அலுவலகத்தின் முதல் மாடியில், வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நடந்தது.

வந்திருந்தோரும் அமர்ந்த இடங்களும் வருமாறு: மின்விசிறிக்கு நேர் கீழே, துண்டு விரித்த நாற்காலியில், அலுவலர் சென்னகிருஷ்ணன். அவருக்கு வலப்பக்கம், கால்குலேட்டரைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி, கணக்கர் சம்பங்கி. இடப்பக்கம் ஜன்னலோரத்தில் நில அளவர் பெருமாள். எத்தனை லாரிப் புகை வந்தாலும் பதினோரு வருடமாக அந்த இடத்தில் ஓர் அங்குலம்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். மேசையின் கோடியில், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில், கடிதப் பிரிவு எழுத்தர் மணிவேல். கதவுக்கு வெளியே, பெஞ்சில், பேரிகை கிராமத்து நஞ்சம்மா. இவர் கூட்டத்தில் கலந்துகொண்டவர் அல்லர். கூட்டமே இவரைப் பற்றித்தான்.

மணிவேலுக்குத் தன் அலுவலகத்தின்மேல் அளவற்ற பக்தி. நாள், எண், பார்வை என்று எதுவும் பிசகாமல் நஞ்சம்மாவுக்கு அவர் இதுவரை ஏழு கடிதம் எழுதியிருக்கிறார். ஏழிலும் நஞ்சம்மாவின் மனு பரிசீலனையில் இருந்தது.

விஷயம் சின்னதுதான். தன் ஒன்றே கால் ஏக்கரை அளந்து எல்லை காட்டச் சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன்பு நஞ்சம்மா எண்ணூறு ரூபாய் கட்டினார். கட்டணம் அன்றே வரவு வைக்கப்பட்டது. அந்த வேகத்தில் அளவையும் நடந்திருந்தால் கதையே இல்லை. இதற்கிடையில் பக்கத்து நிலம் வீட்டுமனையாகி, அதன் கல்தூண்கள் இரவோடிரவாக நடக்கப் பழகிக்கொண்டன.

அலுவலகத்துக்கோ வேறு அவசரம். அன்று மாலை நான்கு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். ஒரு மனுவும் பாக்கியில்லாத அலுவலகத்துக்கு ‘நிலுவையற்ற அலுவலகம்’ என்ற கேடயம் உண்டு. அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது. குறுக்கே நின்றது நஞ்சம்மா ஒருவர்தான்.

“ஒரே ஒரு பைலு. போய் அளந்துட்டு வந்துட்டா முடிஞ்சுதுல்ல?” என்றார் அலுவலர்.

சம்பங்கி பதறிப்போனார். “சார், ஜீப்புக்கு டீசலு, டிரைவர் படி, அளவுச் சங்கிலி புடிக்கற ஆளு படி, எல்லாம் ஆயிரத்தி நானூறு ஆவுது. அந்தம்மா கட்னது எண்ணூறு. அளந்தா அரசாங்கத்துக்கு அறநூறு நட்டம்!”

அரசாங்கத்துக்கு நட்டம் என்றதும் சபை எழுந்து நிற்காத குறைதான். அப்போது வெளியே பெஞ்சிலிருந்து நஞ்சம்மாவின் குரல் வந்தது.

“ஏனுங் சார், எங்கூருக்கு டவுன் பஸ்ஸு வருதுங்களே? சார் அதுல வரட்டும். டிக்கெட்டு நா எடுக்கறேன்.”

பெருமாள் புண்பட்டுப்போனார். “ஏம்மா, அரசாங்கச் சங்கிலிய மூட்ட முடிச்சோட பஸ்ல தூக்கிட்டு வரச் சொல்றியா?”

“சங்கிலி கனம்னா நா தூக்கிக்கறேன் சாமி. ராகி மூட்டையே தூக்கறவ. திங்கக்கெழம ஜேசிபி வருதாம். காம்பவுண்டுக்குக் குழி எடுத்துட்டா அப்பறம் எங்க போயி நிக்கறது? போன மாசம் அவரைப் பந்தலத் தாண்டுன கல்லு, இப்ப போர் மோட்டார்கிட்ட நிக்குது. பதினோரு எட்டு உள்ள வந்துட்டானுங்க.”

“பதினோரு எட்டா? அது உனக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் நடந்து பாத்தேன்.”

பெருமாள் பேனாவை எடுத்தார். “சார், இதக் குறிச்சுக்கணும். அனுமதியில்லாத அளவை, தண்டம் எரநூறு. அதுவும் செருப்புக் காலோட.”

“வெறுங்காலுதான் சாமி. காட்டுல எவஞ் செருப்பு போடறான்?”

“வெறுங்காலுன்னா தண்டத்துல பாதி தள்ளுபடி” என்றார் அலுவலர், கருணையோடு.

பிரச்சினை அப்படியே நின்றது. அளந்தால் நட்டம். அளக்காவிட்டால் நிலுவை. பணத்தைத் திருப்பித் தரலாம் என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் படிவம் அந்த அலுவலகத்தில் அச்சடிக்கப்படவே இல்லை. அப்போதுதான் சம்பங்கியின் மூளையில், மின்வெட்டையும் மீறி, ஒளி வீசியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சார், அவங்க கட்னது சேவைக் கட்டணம். அளவைக் கட்டணம்னு ரசீதுல எங்கயுமே இல்ல. நாம சேவை செய்யலன்னு யார் சொன்னது? மணிவேலு, அந்தம்மா இதுவரைக்கும் எத்தன தடவ வந்திருக்காங்க?”

மணிவேல் பதிவேட்டைப் புரட்டினார். “இன்னிக்கோட பதினஞ்சு சார்.”

“ஒவ்வொரு தடவையும் யாராச்சும் பதில் சொன்னாங்களா?”

“‘அப்பறம் வாங்க’ன்னு சொல்லுவோம் சார்.”

“அது நேரடிப் பதில் சேவை. நாப்பது ரூபா. பெஞ்சுல உக்காந்தாங்களா? இருக்கை வசதி, பத்து ரூபா. தண்ணி குடிச்சாங்களா?”

“குடிச்சாங்க சார். ஆனா நம்ம கேன் எப்பவுமே காலி. அது என் பாட்டில் தண்ணி.”

“அப்ப அது தனியார் பங்களிப்பு. கட்டணம் மட்டும் அரசுக்கு. அஞ்சு ரூபா.” கால்குலேட்டர் கிணுகிணுத்தது. “ஒரு வருகைக்கு அம்பத்தஞ்சு. பதினஞ்சு வருகைக்கு எண்ணூத்தி இருவத்தஞ்சு. கட்னது எண்ணூறு. சார், நாம குடுத்த சேவைக்கு அந்தம்மாதான் இருவத்தஞ்சு ரூபா பாக்கி!”

பிறகு, வீட்டில் கன்னடமும் ஆபீசில் தமிழும் பேசும் சம்பங்கி, கோப்பு முடிகிறபோது மட்டும் சொல்கிற வார்த்தையைச் சொன்னார்: “ஆயித்து!”

அலுவலர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். ஒரு மனிதரை இரண்டு வருடம் அலையவிட்டு, அந்த அலைச்சலில் ஒரு நடையைக்கூட வீணாக்காமல் கணக்கில் ஏற்றுவதென்றால் சும்மாவா!

மணிவேலுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை மட்டும், ஏனோ, மேசைக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டார்.

கடிதம் தயாரானது. நஞ்சம்மாவின் மனுமீது பதினைந்து சேவைகள் செவ்வனே வழங்கப்பட்டு, மனு முடிக்கப்பட்டது. கூடுதல் சேவைக்கு இருபத்தைந்து, அனுமதியில்லாத அளவைக்குத் தள்ளுபடி போகத் தண்டம் நூறு, தபால் செலவு முப்பது, ஆக நூற்று ஐம்பத்தைந்து ரூபாயைக் கட்டினால், நில அளவைக்குப் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை.

“சார், அந்தம்மா வெளியதான் உக்காந்திருக்காங்க. கையிலயே குடுத்துரட்டுங்களா? பத்தடிதான்” என்றார் மணிவேல்.

“கையில குடுத்துட்டா தபால் செலவ எப்படிய்யா வசூல் பண்றது?” என்றார் சம்பங்கி.

அலுவலர் கதவு வரை நடந்துபோய், அதைத் திறந்து, தாமே சொன்னார்: “நஞ்சம்மா, உங்க வேல முடிஞ்சுதும்மா. வீட்டுக்குத் தபால் வரும்.”

“அளக்க வராங்களா சாமி?”

“எல்லாம் அதுல எழுதியிருக்கு.”

“திங்கக்கெழமைக்குள்ள வந்துருங்களா?”

“செவ்வாய்க்கெழம கண்டிப்பா வந்துரும்.”

நஞ்சம்மா பெஞ்சைவிட்டு எழுந்தார். சம்பங்கி கடிகாரத்தைப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூன்று மணி பேரிகை பஸ்ஸைப் பிடிக்க நஞ்சம்மா படியிறங்குகிற சத்தம் கேட்டது.

கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. உறை பெரியதா, சிறியதா? பெரியதென்றால் தபால் செலவு ஐந்து ரூபாய் கூடும். கணக்கு விஷயத்தில் கண்மதிப்பு கூடாது என்றார் அலுவலர்.

பெருமாள் எழுந்தார். அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது டேப்பை எடுத்தார். நான்கு பக்கமும் அளந்தார். பிசகு வந்துவிடக் கூடாதென்று மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு முறை அளந்தார். நான்கு மூலையிலும் பென்சிலால் எல்லைப் புள்ளி வைத்தார். சம்பங்கி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சிறிய உறைதான்.

மணிவேல் உறையை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘நஞ்சம்மா, பேரிகை. நீளம் இருபத்து மூன்று சென்டிமீட்டர், அகலம் பத்து. முறைப்படி அளக்கப்பட்டது. ஆக்கிரமிப்பு இல்லை.’

மூன்றே முக்காலுக்குக் கடிதம் தபாலுக்குப் போனது. நான்கு மணிக்கு அறிக்கையும் போனது.