என் வீட்டைப் பிடித்துக்கொண்ட ‘பக்கத்துல ஒருத்தர்’

ஊரப்பாக்கம்,
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வைத்தீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. குன்றத்தூர் முருகன் புண்ணியத்தில் அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை லோகநாயகி மிக மிக சௌக்கியம். அதுதான் பிரச்சினையே.

பக்கத்தில் இருக்கும் குன்றத்தூருக்கு இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். என் போன் இப்போது என் போன் இல்லை. உங்கள் தங்கை தான் நடத்தும் சங்கத்துக்கு நோட்டீஸ் அடித்தபோது ‘தொடர்புக்கு’ என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டுவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றால், “உங்களுக்குத்தான் யாரும் போன் பண்றதே இல்லையே, சும்மாதானே கெடக்குது” என்கிறாள்.

இது ஆரம்பித்த கதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிர் வீட்டு சின்மயி பிளஸ் டூவில் தோற்றுப்போய் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலனியே திரண்டு வந்து அறிவுரை சொன்னது. நானும் என் பங்குக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். அந்தப் பெண் நிமிரவே இல்லை. உங்கள் தங்கை ஒரு முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு போய், ஒரு வார்த்தை பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அந்தப் பெண்ணும் கீரை ஆய ஆரம்பித்தாள், ஆய்ந்துகொண்டே அழுதாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்குத் தாம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அதோடு விட்டிருக்கலாம். “எங்க பையன் பக்கத்துலயும் யாராவது உக்காருங்கம்மா” என்று ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார், ‘பக்கத்துல ஒருத்தர்’ என்று சங்கத்துக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், வாரம் தவறாமல் வர வேண்டும், பிள்ளையாகக் கேட்டாலொழிய அறிவுரை சொல்லக் கூடாது. இவைதான் சட்டம். மச்சான், நான் தாலுகா ஆபீஸில் இருந்தவன். வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தவனுக்குக்கூட வருமானத்தைப் பெருக்குவது எப்படி என்று சொல்லி அனுப்பியவன். என் வீட்டில் இப்படி ஒரு சட்டம்!

இப்போது பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், அந்தப் பக்கம் கோவளம் வரைக்கும் போய்விட்டது. இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் என் வீட்டில்தான் உட்காருகிறார்கள். போன சனிக்கிழமை சிலிண்டர் போட வந்தவர், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு ஏதோ துக்கம் என்று நினைத்து, சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வந்தார். என் சாய்வு நாற்காலி போயிற்று. சரி, பால்கனியாவது இருக்கிறதே என்று பேப்பரோடு போனால், கோவளத்தில் மீன் விற்கும் பொன்னி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மேடவாக்கம் அடுக்குமாடியிலிருந்து வரும் ஸஹானாவுக்கு அவள்தான் பெரியவராம். “இன்னா சார், இங்கியா குந்தப் போற? கொஞ்சம் அந்தாண்ட போ சார், பாப்பா இப்பதான் வாயத் தொறக்குது” என்று என் பால்கனியிலிருந்து என்னையே விரட்டுகிறாள். இப்போது நான் பேப்பர் படிப்பது சமையலறையில், மிக்ஸி பக்கத்தில் நின்றுகொண்டு.

இந்த நேரத்தில்தான் தெய்வமாகப் பார்த்து அனுப்பியது போல ஒரு அறக்கட்டளையிலிருந்து ஷ்யாம்சுந்தர் என்பவர் வந்தார். “ஒருத்தருக்கு ஒருத்தர்னா எப்படி மேடம் வளரும்? ஒருத்தருக்கு அறுபது பேர்னு மாத்துங்க, அடுத்த வருஷமே செங்கல்பட்டைத் தாண்டிடலாம். தாம்பரத்துல ஏசி ஹால் நாங்க தர்றோம், மைக் தர்றோம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சார் குரல் கணீர்னு இருக்கே, சாரே பேசலாமே!” என்றார். கல்யாணமானதிலிருந்து என் குரலைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை மச்சான். அன்று இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன். உங்கள் தங்கையோ வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் ஆள் பற்றாக்குறை என்று என்னையும் பிடித்துப் போட்டுவிட்டாள். எனக்கு வாய்த்தவன் மகேஷ், கோவளத்துப் பையன், பாலிடெக்னிக்கில் நிறைய அரியர் விழுந்ததும் போவதையே நிறுத்திவிட்டவன். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருகிறான், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் நானும் அவனும் உட்காருகிறோம். அவன் பேசுவதில்லை. நான் பேசக் கூடாது. மின்சார ரயில் வருகிறது, போகிறது. எத்தனை வாரம்தான் பொறுப்பது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேறு யாருக்கோ போனில் நான் சொல்லும் அறிவுரை இவன் காதில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? போன ஞாயிறு போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு ராஜேந்திரனைக் கூப்பிட்டு, “இதோ பாருப்பா, அரியர் விழுந்தா உலகம் முடிஞ்சிடாது, முயற்சி திருவினையாக்கும்” என்று முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, காதில் இருந்த போன் மணியடித்தது.

“இன்னா சார், பேசிக்கினு கீறப்பவே ராஜேந்திரன் மறுபடி கால் பண்றாரா?” என்றான் மகேஷ். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போனில் சேலையூரிலிருந்து ஒரு அப்பா. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லையாம், சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கு அறிவுரை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகேஷ் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். வேறு வழியில்லாமல் “ம்… ம்…” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு அந்த மனிதர், “ரொம்ப நன்றி சார், இத்தனை நாள்ல யாருமே முழுசா கேக்கல” என்று வைத்தார். “சூப்பரா பேசினீங்க சார்” என்றான் மகேஷ்.

பிறகு, “சார், உங்கள ஒண்ணு கேக்கணும்” என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டுவிட்டான்! இனி சட்டப்படி நான் சொல்லலாம். தாலுகா ஆபீஸ் அனுபவம் மொத்தமும் தொண்டையில் வந்து வரிசை கட்டி நின்றது. அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, “அடுத்த வாரமும் வருவீங்களா சார்? ஹால்ல மைக்ல பேசப் போறீங்கன்னு சொன்னாங்க. பேசுங்க சார், நல்லதுதான். ஆனா அறுபது பேர்ல ஒருத்தன் வரலன்னா உங்களுக்குத் தெரியவா போவுது?” என்றான்.

பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து, அறக்கட்டளைக்குச் சரி சொல்லும்படி உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். எனக்கு என் நாற்காலி வேண்டும். ஒரு பையன் கேட்ட ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு இந்த வயதில் என்னால் திரிய முடியாது. அறுபது பேர் என்றால் ஒருத்தன் கேள்வியும் நம் மேல் ஒட்டாது, நிம்மதியாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அங்கே அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள் கேட்காவிட்டாலும்.

தங்கள் அன்புள்ள,
வைத்தீஸ்வரன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று ஞாயிறு. காலையில் ஷ்யாம்சுந்தர் வந்தார். நான் வழக்கம்போல் மிக்ஸி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஹாலில் உங்கள் தங்கை, “சங்கத்தை நீங்களே எடுத்துக்குங்க சார். எனக்கு மனசில்லதான். ஆனா அவருக்கும் வயசாகுது, உக்காந்து பேப்பர் படிக்க ஒரு இடமில்லாம நின்னுகிட்டே படிக்கிறாரு. பாக்கவே கஷ்டமா இருக்கு” என்று சொல்வது காதில் விழுந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை மச்சான். இருந்தாலும் வெளியே வந்து, “மைக் வேண்டாம் சார். அறுபது பேர்ல ஒருத்தன் வரலன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டேன். அவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் தங்கை முறத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் ஆய்ந்தேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். மகேஷ் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. ஆனால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். குன்றத்தூரில் உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஜெஃப்ரி என்று ஒரு பையன் ரொம்ப நாளாக ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறான். உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அறிவுரை எதுவும் எடுத்துப் போக வேண்டாம். இப்போதுதான் என் போனில் கூப்பிட்டு, “அவரு நிஜமா வருவாரா சார்?” என்று கேட்டான். வருவார் என்று சொல்லிவிட்டேன்.