சகலை ஊர் ஈக்கள்

ஏழு ஆறு தாண்டி, எட்டாவது ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் இடத்தில் பொன்விளை நாடு என்று ஒரு நாடு இருந்தது. பெயர்தான் அப்படி. விளைந்ததெல்லாம் கம்பும் கரும்பும்தான். அந்நாட்டு அரசருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. குடிகள் சுகமாக இருக்கிறார்களா என்று அடிக்கடி விசாரிப்பார். குடிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். குளம் தூர்ந்துவிட்டது என்பான் ஒருவன், வரி ஏறிவிட்டது என்பாள் ஒருத்தி. அன்றைக்கு முழுக்க அரசருக்குச் சோறு இறங்காது.

இதைக் காணப் பொறுக்காத தலைமை மதியூகி சபையில் எழுந்து நின்றார்.

"அரசே, குடிகளைக் கேட்பதை நிறுத்துங்கள். அவர்களுக்கு ஆசை உண்டு, கோபம் உண்டு, பக்கச்சார்பு உண்டு. ஈக்கு இவை எதுவும் கிடையாது. வெல்லம் உள்ள இடத்தில் ஈ மொய்க்கிறது. வறண்ட இடத்தை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆகவே, எந்த ஊரில் ஈ மிகுதியோ அந்த ஊரே செழித்த ஊர். ஈயின் சாட்சியை எவரும் மறுக்க இயலாது."

அப்படியானால் அரண்மனையில் ஈ இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆட்களுக்கு அரண்மனையில் வேலை கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது.

அன்று தொடங்கியது வெல்லத் தட்டு வழக்கம். ஒவ்வோர் அறுவடை முடிந்ததும் தட்டு அதிகாரி ஊர் ஊராக வருவார். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெல்லப்பாகைத் தடவி நடுத்தெருவில் வைத்துவிட்டு, குடை நிழலில் உட்கார்ந்து பார்ப்பார். எந்த ஊர்த் தட்டு வெள்ளை தெரியாமல் கறுக்கிறதோ அந்த ஊர்த் தலைவருக்குத் தங்க இழையில் ஈ பொறித்த பட்டுச் சால்வை. திருவிழாவில் அரசருக்குப் பக்கத்தில் ஆசனம்.

முதல் சால்வை ஆலங்கரை என்னும் கிராமத்துக்குப் போனது. போகாமல் என்ன செய்யும்? அங்கே வீட்டுக்கு வீடு மாடு, ஊர்க்கோடியில் கரும்பாலை, மரத்துக்கு மரம் கள்ளுப்பானை. ஈக்கு அதைவிடச் சொர்க்கம் வேறு உண்டா? ஆலங்கரைத் தலைவர் செங்கோடன் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்த செய்தி, கோட்டைவாசல் என்ற நகரத்தின் தலைவன் மருதவாணனுக்கு அவன் மனைவி வாயாலேயே வந்து சேர்ந்தது.

"அக்கா வீட்டுக்காரருக்கு ராசா பக்கத்துல எடமாம்" என்றாள் பவளக்கொடி. அவள் வஞ்சகமாகச் சொல்லவில்லை. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். ஆனால் மருதவாணனுக்கு அடிவயிற்றில் கொள்ளி வைத்தது போல் ஆகிவிட்டது.

செங்கோடன் அவனுடைய சகலை. அக்காளைக் கட்டியவன் என்ற ஒரே தகுதியில், மாமனார் வீட்டு விருந்தில் முதல் இலை அவனுக்குத்தான். மருதவாணன் பத்துத் தெரு நகரத்துக்குத் தலைவன், பல்லக்கில் போகிறவன். ஆனால் மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் இரண்டாவது இலைக்காரன் ஆகிவிடுவான். இத்தனை வருஷம் அதை முழுங்கித் தொலைத்தாயிற்று. இப்போது ஒரு ஈ வந்து அதை ஊருக்கே பறைசாற்றினால் மனுஷன் எப்படித் தாங்குவான்?

மறுநாளே நகரத்தில் குப்பை வண்டிகளை நிறுத்தினான். மீன் சந்தைக் கழிவு சந்தையிலேயே கிடந்தது, சாக்கடை அடைத்த இடத்திலேயே நின்றது. ஈ பெருகத்தான் செய்தது. ஆனாலும் அடுத்த அறுவடையில் கோட்டைவாசல் தட்டில் வெள்ளை கொஞ்சம் எட்டிப்பார்த்தது. சால்வை மறுபடி சகலைக்கு. எல்லாம் மாடு செய்கிற வேலை என்று மருதவாணன் முடிவு கட்டினான். வாடகைக்கு எருமைகளைக் கொண்டுவந்து தெருவுக்குத் தெரு கட்டினான். எருமையோடு மாட்டு ஈயும் வந்தது. அது மனிதரையும் கடித்துக் குருதி குடித்ததே தவிர, வெல்லத் தட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தட்டு அதிகாரி அந்த ஈயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது நம் அரசுக்கு ஒத்துழைக்காத இனம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அப்புறம்தான் மருதவாணன் அரண்மனைப் படியேறினான். ஆலங்கரை வெல்லம் முழுவதும் நகரத்துக்கு வர வேண்டும், அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும் என்று மதியூகியிடம் காதோடு சொன்னான். நியாயம் என்ற சொல் மதியூகிக்குப் பிடித்துப்போயிற்று. முரசு அறைந்தார்கள். கரும்பாலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெல்லத்தின் நிறத்தையே மறந்தார்கள்.

செங்கோடன் மட்டும் சும்மா இருப்பானா? அவன் பங்குக்கு அவனும் படியேறினான். சாணத்தை வரட்டி தட்டிக் காயவைத்தால் அதில் ஈப்புழு பிழைப்பதில்லை, கோழி எருக்குழியைக் கிளறிப் புழுவைத் தின்றுவிடுகிறது என்றான். வரட்டி தட்டுவது குற்றமாயிற்று. கோழிகளை நாடு கடத்தினார்கள். கூடைக்குள் கொக்கரித்துக்கொண்டே அவை மணல் ஆற்றைத் தாண்டிப் போனதைப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். அடுப்பெரிக்க வரட்டி இல்லாமல் வீடுகளில் அரைவேக்காட்டுச் சோறு.

மருதவாணன் விடவில்லை. உணவை மூடிவைப்பது ஈயை அவமதிப்பது என்று அவன் எழுதிக் கொடுத்தான், சட்டமாயிற்று. வேப்பம்புகை போடுவது செழிப்பை விரட்டும் சதி என்று செங்கோடன் எழுதிக் கொடுத்தான், அதுவும் சட்டமாயிற்று. ஒருத்தன் பல்லியை ஒழிக்கச் சொன்னால் மற்றவன் சிலந்தியை ஒழிக்கச் சொன்னான். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, இங்கே இரண்டு மூக்கோடு நாட்டு மூக்கும் சேர்ந்து போயிற்று.

வீடு தவறாமல் வயிற்றுக்கடுப்பு வந்தது. செழிப்பு மிகுந்து மக்கள் அளவுக்கு மீறி உண்பதால் நேர்ந்த இனிய உபாதை என்று மதியூகி சபையில் விளக்கினார். சபை கைதட்டியது.

மருதவாணனின் ஒரே மகள் மரிக்கொழுந்துக்குக் கண்ணில் நோவு கண்டது அந்தச் சமயத்தில்தான். இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு சீழ் வடிந்தது. அதில் வந்து வந்து ஈ உட்கார்ந்தது. பிள்ளை கையால் ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஓட்டும் தெம்பும் போய்விட்டது. பார்க்க வந்த வைத்தியர் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பேசினார். மருந்து இருக்கிறது, ஆனால் ஈ அண்டாமல் புகை போட்டால்தான் மருந்து நிற்கும், இல்லாவிட்டால் பார்வைக்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

பவளக்கொடி வேப்பிலையை அள்ளி வந்து சட்டியில் போட்டாள். மருதவாணன் அவள் கையைப் பிடித்தான். தட்டு அதிகாரி வரும் வாரம் இது, தலைவன் வீட்டிலேயே புகை எழுந்தால் ஊர் என்ன சொல்லும், சகலை என்ன சொல்லுவான் என்றான். தட்டு வைத்து முடியட்டும், அப்புறம் வீடு நிறையப் புகை போடுவோம் என்று கெஞ்சினான். பிள்ளைமேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் அது பாவம். பாசம் இருந்தது. பொறாமை அதைவிட ஒரு படி முன்னால் நின்றது.

"அவ கண்ணுல உக்காந்திருக்கறது செழிப்பு இல்லீங்க" என்றாள் பவளக்கொடி. "அது உங்களுக்கும் தெரியும்."

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வண்டியைப் பூட்டச் சொல்லி ஆலங்கரைக்குக் கிளம்பினான். அந்தத் தடவை தட்டு முதலில் ஆலங்கரையில் வைத்தாகிவிட்டது. இதுவரை எந்த ஊரிலும் கண்டிராத கறுப்பு என்று செய்தி வந்திருந்தது. வெல்லத்தைப் பிடுங்கியாயிற்று, இன்னும் எப்படி ஐயா அந்த ஊரில் ஈ மொய்க்கிறது? அந்த ரகசியத்தைக் கறந்துவிட்டால் சால்வையும் தனக்கு, பிள்ளைக்கு வைத்தியமும் ஆயிற்று என்று வழி நெடுகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆலங்கரை எல்லையிலேயே மாடு மிரண்டு நின்றது. இறங்கி நடந்தான். வீடுகள் திறந்து கிடந்தன. பானையில் வைத்த கஞ்சி அப்படியே புளித்துப் பொங்கியிருந்தது. எருக்குழி ஓரம் செத்த கன்று ஒன்று கிடந்தது. எடுத்துப் புதைக்க ஆளில்லை. எங்கு பார்த்தாலும் ஈ. அந்த இரைச்சலில் தன் காலடிச் சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லை. ஊர் மந்தையில், கொளுத்துகிற வெயிலில், பழைய பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு செங்கோடன் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான்.

என்ன வைத்தாய், எந்த மருந்தைத் தெளித்தாய் என்று மருதவாணன் கேட்டான். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஒண்ணும் வைக்கல, சகலை" என்றான் செங்கோடன். "ஈ ஓட்ட ஊருல கை இல்ல. அவ்வளவுதான்."

மதினி எங்கே என்று கேட்டான். ஊரோடு சேர்ந்து மணல் ஆற்றைத் தாண்டித் தெண்ணீர் நாட்டுக்குப் போய்விட்டாள் என்றான் செங்கோடன். கிளம்பும்போது கையைப் பிடித்துக் கூப்பிட்டாளாம். இந்தத் தடவைச் சால்வையை வாங்காமல் எப்படி வருவது என்று இவன்தான் இருந்துவிட்டானாம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சகலையைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். மருதவாணனுக்கு வந்ததோ எரிச்சல். ஆள் ஓடிப்போனதற்கா இவனுக்கு முதல் பரிசு? இவ்வளவு சுளுவாகவா? முதல் இலைக்காரனுக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே வந்துவிடுகிறதே என்று மனசு குமுறியது.

அந்தக் குமுறலோடு ஊர் திரும்பினான். நகர வாயில் திறந்து கிடந்தது. காவல்காரன் இல்லை. பத்துத் தெருவிலும் ஒரு குரல் இல்லை. ஆலங்கரைக்காரர்கள் போன வழி நகரத்தைத் தொட்டுத்தான் போகிறது. அவன் அறியாமல் இரவில் அவர்கள் சொல்லிப் போனதைக் கேட்டு, அவன் வண்டி கிளம்பியதும் நகரமும் மூட்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு ஓடினான். தொட்டில் கயிறு அவிழ்த்த இடம் வெறுமையாக இருந்தது. வேப்பிலைச் சட்டியில் சாம்பல் மட்டும் சுடச்சுட இருந்தது. கடைசியில் புகை போட்டுவிட்டுத்தான் அவள் பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள்.

நடுத்தெருவில் தட்டு அதிகாரி குடை பிடித்து அமர்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்தது தட்டு என்று யாரும் சொல்ல முடியாது, ஈக்குவியல். அவர் எழுந்து மருதவாணனை வணங்கினார்.

"தலைவரே, ஆலங்கரையை உங்கள் நகரம் வென்றது. இவ்வளவு செழிப்பை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. குடிகள் எல்லோரும் உழைக்கப் போயிருக்கிறார்கள் போலும். வீட்டில் ஒருவர்கூட வெட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை."

சால்வையைத் தோளில் போர்த்தினார். மெய்யாகச் சொன்னால், அந்தக் கணம் மருதவாணனுக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை வருஷத்து எரிச்சல் அடங்கியது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மருதவாணன் நடந்தான். மணல் சுட்டது. நடக்க நடக்க மகளின் ஒட்டிய இமைதான் கண்முன் வந்தது. பாதி ஆற்றில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. போய்ப் பவளக்கொடி காலில் விழுவது, சட்டம் எல்லாம் தன் வயிற்றெரிச்சலில் பிறந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்வது என்று தீர்மானித்தான். அதில் பொய் இல்லை.

தெண்ணீர் நாட்டு எல்லைச் சத்திரத்தில் இரண்டு ஊர் சனமும் இறங்கியிருந்தது. சுவரெல்லாம் வரட்டி. முற்றத்தில் கோழிகள் எருவைக் கிளறிக்கொண்டிருந்தன. வேப்பம்புகை சுழன்றது. பவளக்கொடி மடியில் கிடத்தி மரிக்கொழுந்தின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து, "அப்பா" என்றாள். மருதவாணன் உட்காரப் போனான்.

அதற்குள் அந்நாட்டு அமைச்சர் ஆட்களோடு வேகமாக வந்தார். சால்வையைப் பார்த்ததும் இடுப்புவரை குனிந்தார்.

"தாங்கள்தான் கோட்டைவாசல் தலைவரா? பொன்விளை நாட்டின் செழிப்பைக் கேட்டதிலிருந்து எங்கள் அரசருக்கு உறக்கமே இல்லை. இங்கே ஓர் ஈயைக் காட்ட வேண்டுமானால் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாங்கள் எங்கள் தலைமை மதியூகியாக இருந்து வழிகாட்ட வேண்டும். அரசருக்கு வலப்பக்கம் ஆசனம் தயார்."

சத்திரம் முழுக்க அவனைப் பார்த்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காகப் பவளக்கொடி துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மருதவாணன் வாயைத் திறந்தான், சொல்லியும் இருப்பான். அமைச்சர்தான் மேலும் பேசிவிட்டார்.

"ஆலங்கரைத் தலைவர் செங்கோடன் என்பவரும் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருப்பதாக ஒற்றர் சொல்கிறார்கள். அவர் தகுதி எப்படி? வேண்டுமானால் பதவியை அவருக்கு—"

"அவன் கரையேறதுக்குள்ள முரசு அறைஞ்சிருங்க" என்றான் மருதவாணன்.

பவளக்கொடி அழவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து மகளின் கண்ணை மூடிக் கட்டினாள். அவிழ்த்த மூட்டையை மறுபடி முடிந்து தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாட்டு எல்லைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.