முக்கால் மீட்டரில் ஒரு பெரிய இடம்

பால்கனிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரைக் கேலி செய்யத்தான் போகிறோம். அதற்கு முன் அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓஷ் நகரத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் சாலிகா, கணவரை அடக்கம் செய்த வருஷம், துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளிப் மாட்ட மறந்துபோகிற நிலையில் இருந்தாள். காற்றடித்தால் போதும், வீட்டுத் துணியெல்லாம் கீழே வாதுமை மரத்தில் தொங்கும். சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் உதறி மடித்து ஒரு பையில் போட்டு அவள் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருக்கும். உள்ளாடைகள் மட்டும் தனியே செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி இருக்கும். யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நாலாம் மாடி ஜோமார்த், நீளக் கொம்பும் கையுமாக மரத்தடியில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிளையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

நல்லதைச் சொல்லியாயிற்று. இனி அவருடைய பால்கனிக்குப் போவோம். போகாமல் தப்பிக்க முடியாது. அந்த வீட்டுப் படியேறிய எவரும் தப்பியதில்லை.

மற்ற மனிதர்களுக்குப் பால்கனி என்றால் என்ன? குளிர்காலத்துக்கு அறுத்த இறைச்சி தொங்குகிற இடம். வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளும், வெங்காய மூட்டையும், என்றைக்காவது ரிப்பேர் செய்யலாம் என்று பதினோரு வருஷமாகக் காத்திருக்கும் டிவியும், மாமனார் விட்டுப்போன குதிரைச் சேணமும், குதிரையே இல்லாத வீட்டில் அந்தச் சேணத்தின்மேல் காயப்போட்ட மிதியடியும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம். கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, வெங்காயம் எடுத்துக்கொண்டு, விழுவதற்குள் மூடிவிடுவோம். அவ்வளவுதான் நமக்கும் பால்கனிக்கும் உள்ள உறவு.

பால்கனிக்காரர் அப்படி அல்ல. ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோ பார்க்கிறார். எந்த ஊரோ, எவளோ ஒருத்தி, மூன்று மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள ஒரு பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து காபி குடிக்கிறாள். அன்றோடு மனிதர் போய்விடுகிறார். உடம்பு இங்கே, மனசு பால்கனியில்.

முதலில் காலி செய்வார். சாமான்கள் எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? ஜோமார்த்தின் மனைவி ரோசாவும் அதைத்தான் கேட்டாள். எல்லாம் படுக்கையறைக்குப் போயின. அடுத்து, கண்ணாடி அடைப்பு வந்தது. அடுத்து, சுவருக்குப் பஞ்சு அடைத்து மரப்பட்டை அடித்தார். அப்புறம் கம்பளம், மெத்தை, பதினாறு பூந்தொட்டி, கூரையோரம் சீரியல் லைட். குளிர் உள்ளே நுழைய முடியாதபடி அவ்வளவு கச்சிதமாக அடைத்தார். அந்தக் குளிர்காலத்தில் அங்கே தொங்கவிட்ட அரைக் குதிரை இறைச்சி உறையவே இல்லை.

"வீட்ல இருக்கற ஒரே ஐஸ்பெட்டியையும் கம்பளி போத்தி வெச்சுட்டாரு இந்த மனுஷன்" என்று ரோசா படியில் நின்று சொன்னாள். இறைச்சி கீழே சாலிகாவின் பால்கனிக்கு இறங்கிவந்து தொங்கியது.

சாலிகா சிரித்தாள். இதில் அவள் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தன் பால்கனியில் நாற்பத்துமூன்று காலி ஜாடிகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் அடுக்கி வைத்துக்கொண்டு, மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மேல் வீட்டுக்காரர் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஐவேளை தொழுகிறவள், புறம் பேசுவது பாவம் என்று தெரிந்தவள். ஒவ்வொரு முறையும் பேசி முடித்த பிறகே ஞாபகம் வந்தது.

பால்கனிக்காரருக்கென்று மூன்று கேள்விகள் உண்டு. விருந்தாளி செருப்பைக் கழற்றியதும், "முதல்ல பால்கனி பாத்துருவோமா?" உட்கார்ந்ததும், "காத்து வருதா?" இதற்கு வருது என்று சொல்லும்வரை விடமாட்டார். மூன்றாவது, "மலை தெரியுதா?"

ஊருக்கே பெருமையான சுலைமான் மலை தெரியும். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, கழுத்தை முடிந்தமட்டும் திருப்பினால், எதிர்க் கட்டடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு துண்டு தெரியும். பல் வைத்தியர்கூட அப்படிக் கழுத்தைத் திருப்பச் சொல்லமாட்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மேசை. கைப்பிடிச் சுவரில் கீல் வைத்து, பால்கனியின் முழு நீளத்துக்கும் ஒரே பலகை. தூக்கிவிட்டால் சுவரோடு சுவர். சுவரோரப் பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தபின் இறக்கினால், பலகை முழங்காலுக்கு மேல் வந்து, இரண்டு தாழ்ப்பாள் 'டக் டக்' என்று விழும். அதன்பின் யாரும் அசைய முடியாது. அசைய வேண்டிய அவசியம் என்ன என்பது ஜோமார்த்தின் எண்ணம்.

இந்த நிலையில்தான் மகள் மேரிமுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்தார்கள்.

பையனை மேரிமுக்குப் பிடித்திருந்தது. அதில் தகராறு இல்லை. நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி; தகராறு அதில்தான். பையனின் தகப்பனார் மாம்பெத், பனி விழுவதற்குள் கல்யாணம், அதோடு படிப்புக்கு முற்றுப்புள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டே புறப்பட்டிருந்தார். பெரிய இடம், பெரிய உடம்பு, சொன்ன சொல்லை மாற்றாத மனிதர்.

தேநீர் ஊற்றுவதற்கு ரோசா சாலிகாவை அழைத்திருந்தாள். சமையலறையில் மேரிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ஒரே வருஷம். அதுக்குள்ள நிறுத்திட்டா நாலு வருஷம் படிச்சதும் வீண். அப்பாவைப் பேசச் சொல்லுங்க. அவரு காலைலேர்ந்து பூந்தொட்டியைத் தொடச்சுக்கிட்டு இருக்காரு."

சாலிகா நாலாம் வகுப்போடு நின்றவள். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க இந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுவாள். "பிஸ்மில்லா சொல்லிட்டு இரு மவளே. அவன் பாத்துப்பான்" என்றாள். சொன்னாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

கூடத்தில் விரிப்பு விரித்து எல்லாம் தயாராக இருந்தது. வந்தவர்கள் உட்காரப் போனார்கள்.

"முதல்ல பால்கனி பாத்துருவோமா?" என்றார் ஜோமார்த்.

ரோசா கண்ணாலேயே கெஞ்சினாள். பயனில்லை. வந்தவர்களைப் பால்கனிக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

வாசலுக்கு எட்டத்தில் இருப்பதுதானே பெரிய விருந்தாளிக்கான மேலிடம்? அந்த மரியாதை பால்கனிக்கும் உண்டல்லவா? மாம்பெத்தைக் கடைக்கோடிக்கு அனுப்பினார். அவர் பக்கவாட்டில் நடந்து போய், பூந்தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டார். அடுத்து அவர் தம்பி, அடுத்து மாம்பெத்தின் மனைவி, அப்புறம் ஜோமார்த், அப்புறம் ரோசா. கதவருகில், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில், வீட்டுக்குள் ஒரு காலும் பால்கனியில் ஒரு காலுமாகச் சாலிகா. பலகை இறங்கியது. டக். டக். அதன்மேல் விரிப்பு, விரிப்பின்மேல் ரொட்டி, பொரித்த உருண்டை, பாதாமி ஜாம், திராட்சை, தக்காளி, மறுபடியும் ரொட்டி.

மேற்கு வெயில் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் திறக்கலாம், மேசை மடக்கியிருந்தால்.

"காத்து வருதா சம்பந்தி?"

"வருது" என்றார் மாம்பெத், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

வெயிலுக்குத் தேநீர் வேண்டியிருந்தது. பாதிக் கிண்ணம் ஊற்றுவதுதானே அங்கே மரியாதை. அதனால் கிண்ணம் சீக்கிரம் காலியாகிச் சாலிகாவிடம் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருந்தது. அவளும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பேச்சு ஆரம்பித்தது.

"பனிக்கு முன்னாடி வெச்சுக்குவோம். படிப்பெல்லாம் போதும்" என்றார் மாம்பெத். "நர்ஸாகி யாருக்கு ஊசி போடப் போறா? எங்க வீட்ல எல்லாரும் திடமாத்தான் இருக்கோம்."

"ஒரே வருஷம்தான் சம்பந்தி" என்றாள் ரோசா மெல்ல.

"வருஷம் என்ன, வாரம்கூட முடியாது. சொல்லிட்டா சொன்னதுதான்."

இப்போது பேச வேண்டியவர் யார்? பெண்ணைப் பெற்றவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பலகையின் அடியில் கையை விட்டு எதையோ தட்டினார்.

"இந்தக் கீலைப் பாருங்க சம்பந்தி. எண்பது கிலோ தாங்கும். கடைல தர மாட்டேன்னுட்டான், நானே உக்காந்து..."

சாலிகாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவளால் என்ன செய்ய முடியும்? இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். ஏழாவது. எட்டாவதை ஊற்றும்போது, மாம்பெத்தின் முகத்தில் பிடிவாதம் குறைந்து வேறு ஏதோ வந்திருப்பதைக் கவனித்தாள். உட்கார்ந்தபடியே ஒரு பக்கம் சாய்ந்தார். மறுபக்கம் சாய்ந்தார். பதில்களும் குட்டையாகிக்கொண்டே வந்தன. சாலிகா ஒன்பதாவதையும் ஊற்றினாள். இதில் அவளுடைய எண்ணம் என்ன என்பது இறைவனுக்குத் தெரியும்; பின்னாளில் அவள் பாவமன்னிப்புக் கேட்ட பட்டியலில் இதுவும் இருந்தது.

"அஸர் தொழுகை நேரம் ஆயிருச்சு" என்றார் மாம்பெத் திடீரென்று. "போய்க் கை கால் கழுவி ஒளு செய்யணும்."

"இன்னும் முக்கால் மணி இருக்கே" என்றார் தம்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்து.

அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பூந்தொட்டியே வாடியிருக்கும்.

"இந்த மேசையைக் கொஞ்சம் தூக்க முடியுமா?"

"ஓ, தாராளமா! ரெண்டே தாழ்ப்பாள், அரை நிமிஷம்" என்று உற்சாகமாகக் குனிந்த ஜோமார்த் பாதியில் நின்றார். "ஆனா சம்பந்தி, மேல ரொட்டி இருக்கே."

எல்லாரும் ரொட்டியைப் பார்த்தார்கள். விருந்தை முடித்துவைக்கும் துஆ ஓதாமல் விரிப்பிலிருந்து ரொட்டியை எடுக்க அந்த ஊரில் எந்த வீட்டில் கை வரும்? அதுவும் சம்பந்தம் பேசுகிற விரிப்பில்?

"அப்ப துஆ ஓதிருவோம்" என்றார் மாம்பெத்.

"எப்படிங்க ஓதறது?" என்றாள் அவர் மனைவி. "பேச்சு முடியலையே. முடியாம ஓதினா வேண்டாம்னு எழுந்து போறதா ஆயிரும்."

"முடியலையா?"

"நீங்கதானே வாரம்கூட முடியாதுன்னீங்க."

மாம்பெத் கண்ணை மூடினார். சொன்ன சொல்லை ஒரு தட்டிலும் ஒன்பது கிண்ணத்தை மறுதட்டிலும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அடுத்த வருஷம்" என்றார்.

"என்னங்க?"

"படிச்சு முடிக்கட்டும்! ஊசி போடட்டும்! ஊருக்கே போடட்டும்! அடுத்த கோடைல கல்யாணம். எல்லாருக்கும் சம்மதம்தானே? கையைத் தூக்குங்க!"

அப்படி ஒரு துஆவை ஓஷ் நகரம் கேட்டிருக்காது. மூச்சு விடாமல் ஆரம்பித்து மூச்சு விடாமல் முடிந்தது. ஆமீன். ரொட்டி பறந்தது, ஜாம் பறந்தது, தாழ்ப்பாள் டக் டக் என்று விடுபட்டது. முதலில் சாலிகா குதித்து விலக, ரோசா வெளியே வர, ஜோமார்த் வர, சம்பந்தியம்மா வர, தம்பி வர, கடைசியில் அந்தப் பெரிய மனிதர் பக்கவாட்டில், நண்டு போல, ஆனால் நண்டுக்கு இல்லாத வேகத்தில் வந்து, கூடத்தைக் கடந்து மறைந்தார்.

சமையலறையில் மேரிம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓதிய துஆ ஓதியதுதான். தொழுதுவிட்டு வந்த மாம்பெத் சாந்தமாக இருந்தார். "பால்கனி நல்லா இருக்கு சம்பந்தி" என்றார். "அடுத்த தடவை நான் கூடத்துலயே உக்காந்துக்கறேன்."

எல்லாரும் போனபின் சாலிகா கேட்டாள்: "அண்ணே, நெஜத்தைச் சொல்லுங்க. தெரிஞ்சுதான் அவரைக் கடைசில தள்ளினீங்களா?"

ஜோமார்த் விழித்தார். "மேலிடத்துல உக்கார வெக்காம வேற எங்க உக்கார வெப்பாங்க? அதை விடு தங்கச்சி. காத்து வந்துச்சா இல்லையா?"

பால்கனிக்காரரிடம் இதற்கு மேல் உண்மை கிடைக்காது.

மேரிம் படித்து முடித்தாள். மறு கோடையில் கல்யாணமாகித் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வருஷம் கழித்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜோமார்த்தும் ரோசாவும் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார்கள். இன்றுவரை சாலிகா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் போன மாதம் சந்தையில் ஒரு பிரம்பு நாற்காலியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாளாம். வாங்கவில்லை. விலைகூடக் கேட்கவில்லை. அகலத்தை மட்டும் சாண் போட்டுப் பார்த்தாள்.

உங்களுக்கு இந்த வியாதியெல்லாம் இல்லை, தெரியும். உங்கள் பால்கனி வெங்காயத்துக்கும் துணிக்கும் மட்டும்தான். இதைப் படிக்கும்போது உங்கள் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய், மூலையில் அந்தப் பழைய வாளி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டுத் திரும்பியதே, அதை யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: யாராவது நல்ல மனிதர் உங்களைப் பிரிகிற நேரத்தில் அன்பாக ஏதாவது சொன்னால், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சாலிகா பொத்திக்கொள்ளவில்லை. சாமான் ஏற்றிய வண்டி புறப்பட்ட பிறகு, நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, ஜோமார்த் அவளிடம் சொன்னார்:

"ஒரு முக்காலி போடு தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல எதுவும் வேண்டியிருக்காது, எழுதியே தரேன்."