ஹலீமாவின் அம்மாவுக்கு நான் போட்ட மாலை

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. இருந்தும் கப்பல் சமையற்காரனாக வந்து சிட்னியில் இறங்கி, மெரிலேண்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்தவன் நான். கராஜை மறித்துப் படம் கழுவும் இருட்டறை கட்டினேன். வீடும் என் கையால் கட்டியதுதான். (கூரை ஒழுகும். அது வேறு கதை.) அதனால் ஒரு படத்தை எப்படி மாட்டுவது என்று எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எழுபதுகளின் நடுப்பகுதிவரை நினைத்திருந்தேன்.

அப்போது அந்த இருட்டறைக்கு வந்தவள் ஹலீமா. சோமாலியாவிலிருந்து படிக்க வந்த பெண். படம் எடுப்பதுதான் உயிர். ஊருக்குப் போனபோது எடுத்தவை அத்தனையையும் என் கராஜில்தான் கழுவினாள். ஒட்டகம் கறக்கும் மாமன், நாரில் பால் பாத்திரம் பின்னும் பெண்கள், நடுவில் ஆளுயரத்துக்கு அவளுடைய தாயின் முகம். சிட்னியில் பார்ப்பவர்களெல்லாம் அவளை வேறு ஏதாவது நாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களாம். (நானும் எத்தியோப்பியா என்றேன். ஒரு கிழமை பேசவில்லை.) சோமாலியர் யார் என்று இந்தப் படங்கள் சொல்ல வேண்டும் என்பாள். தாயைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண் கலங்கும்.

ஒரு மண்டபத்தில் கண்காட்சி ஏற்பாடானது. பெரிய கலைக்கூடம் ஒன்றின் பொறுப்பாளர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அவளுக்கு அங்கே ஒரு சுவர். அன்று காலை அவளுக்குப் பரீட்சை. மாட்டும் வேலை எனக்கு.

தாயின் படத்தை மாட்டிவிட்டுப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. தாயில்லாப் பிள்ளை, பாவம். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பின்வளவுச் செவ்வந்தியில் மாலை கட்டினேன்.

"அந்த மனிசி செத்துப்போச்சுதெண்டு அவள் சொன்னவளோ?" என்றாள் மனைவி.

"சொல்ல வேணுமே? பிள்ளையின்ர கண்ணைப் பார்த்தால் தெரியாதோ?"

"ஒருக்கால் கேட்டுப்போட்டுப் போடுங்கோவன்."

கேட்டுச் செய்வது படித்தவன் வேலை. நான் மாலையைப் போட்டு ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

பொறுப்பாளர்தான் முதலில் வந்தார். தொப்பியைக் கழற்றி, அந்தப் படத்தின் முன்னால் தலை குனிந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஹலீமா வந்தாள். தாய் காலமாகி எவ்வளவு நாள் என்று அவளிடம் மெதுவாக விசாரித்தார். அவள் மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஏசி அம்மா போன கிழமைதான் கடிதம் போட்டா என்றாள்.

அப்படியானால் உயிரோடிருப்பவர்களின் படத்துக்கு மாலை போடுவது சோமாலிய வழக்கமா என்று அவர் குறிப்பேட்டைத் திறந்தார். அவள் ஆமென்று சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் அவள் பாடுபட்டு எடுத்ததெல்லாம் பொய்யாகியிருக்கும்.

"இல்லை," என்றாள். "அது இவருடைய ஆட்களின் வழக்கம். எங்கள் ஆட்கள், இருக்கிறாவா போய்விட்டாவா என்று முதலில் கேட்பார்கள்."

நான் மாலையைக் கழற்றினேன். ஊதுபத்தியிலும் கை வைத்தபோது, அது இருக்கட்டும், எங்கள் வீட்டிலும் வாசனைப் புகை போடுவோம் என்றாள். அதை மட்டும் எழுதிக்கொண்ட மனிதர், தன் கலைக்கூடத்தில் அவளுக்கு எவ்வளவு நீளச் சுவர் வேண்டும் என்று விசாரித்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கதிரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், "எழும்புங்கோ, அப்பா பூப் பறிக்கப் போயிட்டார்" என்று பிள்ளைகள் எழுப்புவார்கள்.

ஹலீமா இப்போது பெரிய ஆள். அந்தப் படங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. நன்றியுரையில் 'சட்டம் போட்டவர்' என்று என்னையும் சேர்த்திருக்கிறாள். போதாது. அந்த மனிதரைத் தொப்பியைக் கழற்ற வைத்து அவளுடைய தாயின் முன்னால் நிறுத்தியது யார்? சட்டமா? அடுத்த பதிப்பில் அச்சாக வர வேண்டும்: மாலை, என்னுடையது.