குரூப் டாக்டர்

டாக்டர்களில் எத்தனையோ வகை. கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர். ஆனால் நோயாளியைப் பார்க்காமல், நாடியைத் தொடாமல், காலையில் பல் துலக்கும் முன்பே நாற்பது குடும்பங்களுக்கு வைத்தியம் சொல்லி முடிக்கிற ஒருவர் இருக்கிறார். உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறார். அவர்தான் குரூப் டாக்டர்.

எப்படி அடையாளம் காண்பது? அவருடைய செய்தி ‘அதிர்ச்சி! அழிக்கப்படும் முன் பாருங்கள்!’ என்று அலறித் தொடங்கி, பெயர் சொல்ல விரும்பாத வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் சாகும் தறுவாயில் கண்ணீர்விட்டு உடைத்த ரகசியத்தைக் கசியவிட்டு, நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்று நெஞ்சை நிமிர்த்தி, கடைசி வரியில் ‘வந்ததை வந்தபடி அனுப்பியுள்ளேன்’ என்று கையைக் கழுவிக்கொள்ளும். அவர் கைகழுவுவது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ‘சொந்தபந்தம்’ குரூப்பில் இந்தப் பதவி மலையாண்டிப் பெரியப்பாவுடையது. கோச்சடையில் பெயிண்ட் கடை. டின்னைத் திறந்து, குச்சியை விட்டுக் கலக்கி, சுவரில் ஒரு கை பூசிப் பார்க்காமல் எந்தக் கம்பெனிக்காரனையும் நம்பாதவர். ஆனால் தடுப்பூசி போட்ட கையில் ஸ்பூன் ஒட்டும் என்று ஒரு வீடியோ வந்தால்? உடனே நம்பினார். ஊசி போட்டிருந்த பெரியம்மாவின் கையில் ஸ்பூனை வைத்துப் பார்த்தார். விழுந்தது.

“எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கா, அதான் வழுக்குது” என்று தீர்ப்பு எழுதினார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் தங்கை இந்துப்ரியாவின் மகள் தீப்திக்கு ஒன்பது மாதம் முடியும்வரை. தட்டம்மை ஊசி போட வேண்டும். அவர்கள் தெருவிலேயே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டிருந்தது. அந்த வாரம் பார்த்துப் பெரியப்பா வரிசையாக வீடியோக்களை இறக்க, தங்கை கணவர் கார்த்திகேஷ், “பெரியவங்க சொல்றாங்கல்ல, அடுத்த மாசம் பாப்போம்” என்று தள்ளிப்போட்டார். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் தாய்மாமன் நான் என்ன செய்வேன்? ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை அனுப்பினேன். பெரியப்பாவிடமிருந்து கும்பிடு பொம்மை வந்தது. தமிழில் நீளமாக எழுதினேன். ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூ வந்தது.

பெரியப்பாவுக்கு அலங்காநல்லூரில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை உண்டு. மறுநாள் அதன் படம் வந்தது. கொம்பில் எண்ணெய், கழுத்தில் மாலை, பக்கத்தில் ஊசியோடு மாட்டு டாக்டர். கீழே: ‘நம்ம சிங்கத்துக்குக் கோமாரி ஊசி போட்டாச்சு. வரிசைல மொத ஆளு நாமதான்!’ குரூப்பே கட்டைவிரலை உயர்த்தியது.

இந்துப்ரியா குரல் பதிவில் கேட்டாள். “ஏன் பெரியப்பா, ஊசி போட்டா ரத்தம் கெட்டுரும்னு நேத்துத்தான சொன்னீக?”

“அது மனுசனுக்கு ஆத்தா. இது வாயில்லாச் சீவன். நோய் வந்தா இன்ன எடத்துல நோகுதுன்னு சொல்லத் தெரியுமா? நாமதான பாத்துச் செய்யணும்? எம்புட்டுச் செல்லமா வளக்குறேன்!”

“எம் பிள்ளைக்கு மட்டும் சொல்லத் தெரியுமா, பெரியப்பா?”

அதற்கு ரோஜாப்பூகூட வரவில்லை. கார்த்திகேஷ் எழுதுவதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: ‘இந்து, பிள்ளையக் கிளப்பு. வண்டிய எடுக்குறேன்.’

மதியம் தீப்தியின் படம் வந்தது. உதடு பிதுங்கிய அழுகை, கையில் பஞ்சு.

பெரியப்பா தோற்பாரா? அடுத்த நொடியே: ‘ஊசி போட்ட கையில் சின்ன வெங்காயம் தேய்த்தால் விஷம் இறங்கும். ஜெர்மனியில் நிரூபணம். வந்ததை வந்தபடி.’ தனியாக எனக்கும் ஒன்று: ‘தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா ஒடனே சொல்லச் சொல்லு. நம்ம மாட்டு டாக்டரு ரொம்பக் கைராசிக்காரரு.’

அவரை ஏன் அப்படி முறைக்கிறீர்கள்? இதைப் பாதி படிக்கும்போதே உங்கள் குரூப்பில் ஒருவரை நினைத்து, ‘இதை அவருக்கு அனுப்பணும்’ என்று உங்கள் விரல் அந்த அம்புக்குறியைத் தேடியதே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? அலங்காநல்லூரில் அப்படியொரு காளை இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டீர்களா? என் தங்கையைத் தெரியுமா? என்னையாவது தெரியுமா?

வாங்க டாக்டர், உட்காருங்க.