மாரியம்மாவுக்கு ஆயில் கூலர் மாற்றிய விவரம்

புந்தோங், ஈப்போ
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அர்ச்சுனன் அவர்களுக்கும், சம்பந்தியம்மா திருமதி மாரியம்மா அவர்களுக்கும், பத்துமலை பணிவுடன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரி சரளாவும் நலம். கோப்பெங்கில் உங்கள் வீட்டில் மகள் பிரமிளாவும் மாப்பிள்ளையும் நலம். வாசல் பூச்செடிகளுக்கு இருவரும் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றுவதால் இரண்டு செடி அழுகிவிட்டதாகக் கேள்வி. மெல்பர்னில் நீங்களும், உங்கள் மூத்த மகளும், பிறந்து இருபது நாளான பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகமாம். காதை மூடிக்கொள்ளவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் "என்னது?" என்பீர்கள், எனக்கு மீதி மறந்துவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் நீங்கள் கோபப்பட முடியும்.

விஷயம் மாரியம்மாவைப் பற்றியது. பதற வேண்டாம், படகைச் சொல்கிறேன். படகுக்குச் சம்பந்தியம்மா பெயரை நீங்கள் வைத்தது பிரியத்தினால்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் அதிலுள்ள சிரமம் புரிகிறது. "மாரியம்மா நடுக்கடலில் நின்றுவிட்டது" என்று எழுதினால் மரியாதையாக இல்லை. "நின்றுவிட்டார்கள்" என்று எழுதினால் படிப்பவர்கள் போலீசுக்குப் போவார்கள். ஆகவே இனிமேல் படகு என்றே எழுதுகிறேன்.

நீங்கள் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் லூமுட் ஜெட்டியில் சாவியை என் கையில் கொடுத்து, "சம்பந்தி, முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவுல எஞ்சின் பாத்தவரு நீங்க, உங்கள நம்பித்தான் போறேன். வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுங்க, கட்டுன இடத்துலயே" என்றீர்கள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. முதல் இரண்டு வாரம் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் ஜெட்டிக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் நண்பர் ஜைனுலாப்தீன் வந்து பக்கத்தில் நின்று, "என்ன பத்துமலை, குதிரைய கட்டிப்போட்டே ஓட வைக்கிறீங்க" என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டார். நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். கூட வந்திருந்த சரளாவும் ஏறிக்கொண்டாள், ஜைனுலாப்தீனும் கடையை மனைவி ஜொஹரா பீவியிடம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். பங்கோர் தீவுப் பக்கமாக ஒரு சுற்று, அவ்வளவுதான் எண்ணம்.

படகு அருமையாகப் போனது, சம்பந்தி. அதைச் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸில் முப்பத்து நாலு வருஷம் கேட்காத சத்தம் அது. பாதி தூரத்தில் ஜைனுலாப்தீன் பின்னால் எட்டிப் பார்த்து, "தண்ணில வானவில்லு தெரியுது" என்றார். அழகாக இருக்கிறது என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டே வந்தோம். அது நம்ம எஞ்சினில் இருந்து போகிற எண்ணெய் என்று மூன்று பேருக்கும் தோணல. அப்புறம் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து விசில் மாதிரி கத்த ஆரம்பித்தது, நான் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. மூடியைத் திறந்து எண்ணெய் அளக்கிற குச்சியை உருவினால், கறுப்பாக வரவேண்டியது பழுப்பாக, நுரையோடு வந்தது. ஜைனுலாப்தீன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முப்பது வருஷம் தே தாரிக் டீ ஆத்துனவன் நானு. கலரு அருமையான கலரு. ஆனா எஞ்சினுக்கு ஆவாதுலா" என்றார். சரளா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அது இன்னும் மோசம்.

ஒரு மணி நேரம் அப்படியே மிதந்தோம். வெயில். பங்கோர் பெர்ரி இரண்டு தடவை எங்களைத் தாண்டிப் போச்சு, அதிலிருந்தவங்க எல்லாம் கை ஆட்டினாங்க, நாங்களும் ஆட்டினோம், உதவி கேக்குறோம்னு அவங்களுக்குப் புரியல. கடைசியில் மீன்பிடிப் படகில் வந்த ஒரு மலாய்க்காரர் நின்று, குச்சியைப் பார்த்து, எண்ணெயில் தண்ணீர் கலந்துபோச்சு, ஆயில் கூலர் போயிருக்கும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு, கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். டிப்போவுல எத்தன எஞ்சின கழட்டி மாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பஸ்ஸுக்கு முன்னால காத்து அடிக்கும், கடல்ல அது ஏது. படகுல கடல் தண்ணியையே உள்ள இழுத்துத்தான் எண்ணெய குளிர வைக்கிறாங்க. அந்தக் கூலர் ஒரு முழ நீளக் குழாய், அதுக்குள்ள பென்சில் பருமன்ல ஒரு கட்டு சின்னச் செம்புக் குழாய். சின்னக் குழாய்க்குள்ள கடல் தண்ணி ஓடும், அதச் சுத்தி வெளிய எண்ணெய் ஓடும். சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி, பக்கத்துல இருந்து சூட்ட வாங்கிக்கணும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடக் கூடாது. உதாரணத்துக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கூலரைக் கழட்டிட்டேன். ஓட்டை அதுலதானா, வேற எங்கயாவது இருக்கான்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா, ஒரு வாயை ரப்பர் வெச்சு அடைச்சு, இன்னொரு வாய்ல சைக்கிள் பம்ப்பு வெச்சு காத்து அடிச்சு, தண்ணிக்குள்ள முக்கிப் பாக்கணும். அந்த நீளத்துக்குப் பாத்திரம் வேணுமே. ஜைனுலாப்தீன் யோசிக்காம கடைக்குப் பின்னால போயி பிரியாணி தேக்சாவ தூக்கிட்டு வந்துட்டாரு. தண்ணி நிரப்பி முக்குனோம், நான் பம்ப்பு அடிச்சேன், மூணு வரிசையா முட்டை முட்டையா காத்து வந்துச்சு. ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் தட்டோட எழுந்து வந்து பாத்தாங்க. நேவி ஆளுங்க ரெண்டு பேரு போட்டோ எடுத்தாங்க. அப்பதான் ஜொஹரா பீவி வந்தாங்க. சத்தம் போடல, பம்ப்பை மட்டும் என் கையில இருந்து வாங்கிட்டாங்க. "அண்ணே, நாளைக்கு நிக்காஹ் ஆர்டரு, இருநூறு பேரு. இதுல மீனு வெந்தாலே மூணு தடவ கழுவுவேன். நீங்க என்னத்த முக்கியிருக்கீங்க?" ஆயில் கூலருன்னு சொன்னேன். "அது ஹலாலா?" ன்னு கேட்டாங்க. தேக்சாவ நானும் ஜைனுலாப்தீனும் சாம்பல் போட்டு ஏழு தடவ தேய்ச்சோம், ஜொஹரா பீவி நாற்காலி போட்டு உக்காந்து எண்ணுனாங்க.

புதுக் கூலர் வாங்க சித்தியவான்ல ஒரு கடைக்குப் போனேன். நீளம் சொன்னேன், எஞ்சின் பேரு சொன்னேன், கடை முதலாளி தவுக்கே ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. லூமுட்டுக்குக் கொண்டு வந்து வெச்சுப் பாத்தா நீளம் கச்சிதம், ஹோஸ் மாட்டுற வாய் மட்டும் பெருசு. திரும்பப் போனேன். இந்தத் தடவ பழச கையோட எடுத்துட்டுப் போனேன், சரளாவோட பெரிய முறுக்கு டின்னுல வெச்சு. பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா வாசனை புடிச்சுட்டு, "தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்கே"ன்னு சொல்லி ஒண்ணு கேட்டாங்க. திறந்து காட்டுனேன். அவங்க வேற சீட்டுக்கு மாறிட்டாங்க. தவுக்கே பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு, வாயோட வாய் அளந்து, சரியானத குடுத்தாரு. பழசு ஏன் ஓட்டையாச்சுங்கிறத பத்தி நாம பேச வேணாம், சம்பந்தி. கட்டுன இடத்துலயே ஓட்டச் சொன்னீங்க, நான் கேக்கல, அதோட விட்டுடுவோம்.

மாட்டுறதுதான் பெரிய வேல. எஞ்சினுக்கும் படகுச் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து, அதுக்குள்ள கைய விட்டு, கண்ணால பாக்காம, கிளிப்ப முடுக்கணும். பழைய ஹோஸ் எல்லாம் வெடிச்சிருந்துச்சு, அதையும் புதுசா போட்டாச்சு. இறுக்கும்போது ரெண்டு ஸ்பேனர் வெச்சு, ஒண்ணால புடிச்சுக்கிட்டு ஒண்ணால திருகணும், இல்லன்னா புதுக் கூலரே முறுக்கிக்கும். இதெல்லாம் டிப்போ அனுபவம். பின்பக்கத்துக் கிளிப்பு ஒண்ணு மட்டும் ரெண்டு மணி நேரம் எடுத்துச்சு. எப்படியோ கை போச்சு, முடுக்கியாச்சு. வேல தெரிஞ்ச கைக்கு வழி தானா கெடைக்கும்.

அப்புறம் எண்ணெய். பழசை இறக்கிட்டு புதுசு ஊத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் இறக்கணும், உள்ள ஒளிஞ்சிருக்கிற தண்ணி எல்லாம் வெளிய வர்ற வரைக்கும். முதல் தடவ பால் கலர்ல வந்துச்சு. ரெண்டாவது தடவ கொஞ்சம் தேவலாம். எண்ணெய் இறக்குன பிளாஸ்டிக் பேசினை ஒரு நிமிஷம் கீழ வெச்சேன், பெர்ரி ஒண்ணு வேகமா போச்சு, அலை வந்துச்சு. இருக்கையோட வெள்ளை மெத்தை இப்ப வெள்ளையா இல்ல. சம்பந்தியம்மாவுக்குப் பச்சை புடிக்கும்னு பிரமிளா எப்பவோ சொன்னதா ஞாபகம், அதனால பச்சையில உறை தைச்சுப் போட்டாச்சு. மூணாவது தடவ எண்ணெய் சுத்தமா வந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாத்தோம். கட்டுன இடத்துலயே அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சம் வெளிய. விளக்கு எரியல, விசில் கத்தல, பின்னால வானவில்லு இல்ல. குச்சிய உருவுனா தேன் கலர்ல எண்ணெய். ஜைனுலாப்தீன் பாத்துட்டு, "இது என் தொழிலுக்கு ஆவாது, அப்ப எஞ்சினுக்குச் சரி"ன்னாரு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல, சம்பந்தி. ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. காலையில எழுந்தா கைக்கு வேல இருக்கிறது எவ்வளவு நல்லா இருக்குன்னு மறந்தே போயிருந்தேன்.

ஆகையால் பெரியவர்களான நீங்கள் இருவரும் என் தவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொண்ணு உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் அப்பா பேச்சுக் கேட்காதவன் என்று அவளைக் குறைவாக நினைத்துவிட வேண்டாம். படகைக் கழுவி, பூட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். நீங்கள் வந்து தொடும் வரை ஒருவரும் தொடமாட்டார்கள். பேத்திக்கு எங்கள் முத்தம். குழந்தை பல்லாண்டு நோயில்லாமல், பாலுக்கும் சிரிப்புக்கும் குறையில்லாமல் வளர வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பத்துமலை

பின்குறிப்பு: அர்ச்சுனன் அண்ணே, நான் சரளா எழுதுறேன். கவர ஒட்டிட்டு வான்னு என்கிட்ட குடுத்துட்டு இவரு குளிக்கப் போயிருக்காரு. முழுசும் படிச்சேன். கூலர் இவரால போகலண்ணே. அதுக்குள்ள ஒரு துத்தநாகக் கட்டை இருக்கணுமாம், உப்புத் தண்ணி செம்பை அரிக்காம அதத்தான் அரிக்கும், வருஷா வருஷம் மாத்தணுமாம். நீங்க படகு வாங்கின நாள்ல இருந்து மாத்தவே இல்ல போலன்னு பழசப் பாத்துட்டு தவுக்கே இவருகிட்ட சொன்னாராம். உள்ள கட்டையே இல்ல, கரைஞ்சு போயிருந்துச்சு. கட்டுன இடத்துலயே வெச்சிருந்தாலும் போயிருக்கும், நீங்க பேத்திய ஏத்திக்கிட்டுப் போற அன்னைக்குப் போயிருக்கும். பொண்ணு குடுத்த இடத்துல இதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு இவரு தன் மேல போட்டுக்கிட்டாரு. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன்.

பின்பக்கத்துக் கிளிப்பும் இவரு முடுக்கல. இவரு கை முழங்கை வரைக்கும் போயி மாட்டிக்கிச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு ஊத்தித்தான் வெளிய எடுத்தோம். வளையலக் கழட்டி வெச்சுட்டு நான்தான் முடுக்குனேன். கையுறை ஃபேக்டரியில இருபது வருஷம் வேல பாத்த கை, நல்லாப் போச்சு. இவரு டார்ச் புடிச்சாரு. வெளிச்சம் பூரா இவரு மூஞ்சிலதான் இருந்துச்சு.

தார்ப்பாய் போட்டு மூடுனது நெசந்தான், ஆனா நாளன்னிக்கு எடுத்துருவோம். ஜொஹரா அக்காவும் நானும் பங்கோருக்குப் போறோம், புளிச்சோத்துக்குப் புளிக்காய்ச்சல் செஞ்சாச்சு. இவரும் ஜைனுலாப்தீன் அண்ணனும் பின்னால உக்காந்து வருவாங்க. நான்தான் ஓட்டுறேன். நீங்க அவசரமில்லாம வாங்க, அண்ணே.